டெவ்கேட்: காமாக் கதிர் வானத்தின் இணையப் பட்டியல் குறித்து ஒரு மதிப்புரை

மிக உயர்ந்த ஆற்றலில் காமாக் கதிர்களை உமிழும் விண்பொருள்கள் எவை, அவற்றை யார் எப்போது கண்டறிந்தார்கள், எந்த ஆய்விதழில் அறிவித்தார்கள் என்பதையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தரும் இலவச இணையச் சேவை டெவ்கேட். ஸ்காட் வேக்லி, டியர்ட்ரே ஹோரன் என்னும் இரு வானியற்பியலாளர்கள் இதை உருவாக்கினார்கள். மெக்சிகோவில் 2007-இல் நடந்த பன்னாட்டு அண்டக்கதிர் மாநாட்டில் இதைப் பற்றிய அறிமுகக் கட்டுரை அளிக்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இயங்கும் இந்தப் பட்டியலில் இன்று ஏறத்தாழ 300 மூலங்கள் இருக்கின்றன. அண்டக்கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற நூறாண்டுக் கேள்வியைப் பின்தொடர விரும்பும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் இதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கவனமின்றிப் படித்தால், அறிவியலாளர்கள் இன்னும் தீர்க்காத வழக்குகளைத் தீர்ந்துவிட்டனவாக நினைத்துக்கொள்ளும் வாய்ப்பு இதில் நிறைய இருக்கிறது.

காமாக் கதிர்களின் பட்டியல் அண்டக்கதிர்களின் பிறப்பிடத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்பதை முதலில் தெளிவுபடுத்துகிறேன். விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிச்சென்று, உயரம் கூடக்கூட அயனியாக்கும் கதிர்வீச்சும் கூடுவதைக் காட்டினார். அந்தக் கதிர்வீச்சில் பெரும்பகுதி புரோட்டான்களும் பிற அணுக்கருக்களும்தான் என்பது பின்னர் தெரியவந்தது. இவை மின்னூட்டம் உள்ளவை. பால்வீதியின் காந்தப்புலம் இவற்றை மீண்டும் மீண்டும் வளைத்துத் திருப்புவதால், பூமியை வந்தடையும்போது இவை எந்தத் திசையிலிருந்து புறப்பட்டன என்ற தடயம் அழிந்துவிடுகிறது. காமாக் கதிருக்கு மின்னூட்டம் இல்லை. அது நேர்க்கோட்டில் வருகிறது. முடுக்கப்பட்ட ஒரு புரோட்டான் அருகிலுள்ள வாயுவின் மீது மோதினால் நடுநிலை பையான் என்னும் துகள் பிறந்து, உடனே இரண்டு காமாக் கதிர்களாகச் சிதைகிறது. அவற்றின் ஆற்றல் தாய்ப் புரோட்டானின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 100 டெரா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; கிகா என்பது அதில் நூறு கோடி, டெரா என்பது ஒரு லட்சம் கோடி) காமாக் கதிர் வரும் இடத்தில், புரோட்டான்கள்தான் அதற்குக் காரணம் என்றால், அவை 1,000 டெரா, அதாவது ஒரு பீட்டா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த "என்றால்" என்ற சொல்லுக்குள்தான் இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. எலக்ட்ரான்களும் தலைகீழ் காம்ப்டன் சிதறல் மூலம், அதாவது குறைந்த ஆற்றல் ஒளித்துகளைத் தாக்கி அதற்குத் தம் ஆற்றலை ஊட்டுவதன் மூலம், இதே காமாக் கதிர்களை உண்டாக்க வல்லவை.

தளத்தைத் திறந்தால் வான வரைபடமும் அதனோடு இணைந்த அட்டவணையும் கிடைக்கின்றன. வரைபடத்தில் ஒவ்வொரு மூலமும் அதன் வகைக்குரிய நிறத்தில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. பால்வீதியின் தளத்தை ஒட்டிப் புள்ளிகள் நெருங்கிக் கிடப்பதும், அதற்கு வெளியே பெரும்பாலும் பிளேசார்கள், அதாவது தம் தாரையை நம்மை நோக்கித் திருப்பிய கருந்துளை அண்டங்கள், சிதறிக் கிடப்பதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். வரைபடம் அழகானதுதான், இருந்தாலும் இந்தச் சேவையின் உண்மையான பயன் அட்டவணையில், அதிலும் கண்டுபிடிக்கப்பட்ட காலத்தைக் குறிக்கும் பத்தியில் இருக்கிறது என்பது என் கருத்து. அட்டவணையைக் கால வரிசையில் அடுக்கி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால், துறையின் வரலாறு எந்த இடைச்செருகலும் இல்லாமல் கண்முன் விரிகிறது.

முதல் வரிசையில் இருப்பது 1989-ஆம் ஆண்டின் நண்டு நெபுலா, அதாவது வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சம். அரிசோனாவின் விப்பிள் ஆய்வகத்தில், ட்ரெவர் வீக்ஸின் குழு 10 மீட்டர் விட்டமுள்ள ஒளி திரட்டியைக் கொண்டு அதைக் கண்டறிந்தது. அந்தத் தொலைநோக்கி 1968-லேயே கட்டி முடிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இடையில் கழிந்த இருபது ஆண்டுகளின் கடினம் புரியும். ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலில், நண்டு நெபுலாவிலிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒரு காமாக் கதிர்தான் வருகிறது. எந்தச் செயற்கைக்கோளும் அதற்காகக் காத்திருந்து மாளாது. காமாக் கதிர் வளிமண்டலத்தில் மோதித் துகள் பொழிவாகப் பெருகும்போது, சில நானோ நொடிகளே நீடிக்கும் நீல நிறச் செரன்கோவ் ஒளி, தரையில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆரத்துக்குப் பரவுகிறது. அந்த ஒளிவட்டத்தினுள் எங்கு நின்றாலும் தொலைநோக்கியால் அதைக் காண முடியும் என்பதால், வளிமண்டலமே உணர்கருவியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆனால் அண்டக்கதிர்களும் இதே ஒளியை உண்டாக்குகின்றன. அவற்றின் எண்ணிக்கையோ பல நூறு மடங்கு. பொழிவின் பிம்பம் மெலிந்த நீள்வட்டமாக மூலத்தை நோக்கி நீண்டிருந்தால் அது காமாக் கதிர், சிதறிக் கலைந்திருந்தால் அண்டக்கதிர் என்று வடித்தெடுக்கும் முறையை மைக்கேல் ஹில்லாஸ் 1985-இல் வகுத்துக் கொடுத்த பிறகுதான் நண்டு நெபுலா ஐயத்துக்கு இடமின்றிப் புலப்பட்டது.

அந்த முதல் வரிசைக்கு முன்னால் எதுவும் இல்லை என்பதும் ஒரு செய்திதான். 1980-களில் சிக்னஸ் எக்ஸ்-3 என்னும் இரட்டை விண்மீனிலிருந்து பீட்டா எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் வருவதாக ஜெர்மனியின் கீல் நகரக் குழு தொடங்கிப் பலர் அறிவித்தார்கள். பின்னர், மிகுந்த உணர்திறன் கொண்ட உணர்கருவி வரிசைகள் தேடியபோது அந்த அறிவிப்புகள் உறுதிப்படவில்லை. துறையின் நம்பகத்தன்மை அதனால் வெகுவாகப் பாதிக்கப்பட்டது. அதிலிருந்து கற்ற எச்சரிக்கையை டெவ்கேட்டின் அமைப்பில் காணலாம்: ஆய்விதழ் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை இயல்புப் பட்டியலிலும், மாநாடுகளிலும் அவசரச் செய்திகளிலும் மட்டும் அறிவிக்கப்பட்டவை தனிப் பிரிவிலும், இன்னும் உறுதிப்படாத வேட்பாளர்கள் வேறொரு பிரிவிலும் வைக்கப்படுகின்றன. இந்தப் பிரிவினையை மதித்துப் படிப்பது பயனரின் பொறுப்பு. எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக்கி எண்ணிக்கை சொல்பவர்கள் தொகுப்பாளர்களின் உழைப்பை வீணாக்குகிறார்கள்.

நண்டு நெபுலாவுக்குப் பிறகு 1992-இல் மார்க்கேரியன் 421, 1996-இல் மார்க்கேரியன் 501 ஆகிய பிளேசார்கள் என்று வரிசைகள் மெதுவாகவே நகர்கின்றன. நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில், விக்டர் ஹெஸ்ஸின் பெயரைத் தாங்கிய ஹெஸ் தொலைநோக்கிகள் நான்கும் 2003-இன் இறுதியில் இயங்கத் தொடங்கியதும் வேகம் சட்டென்று மாறுகிறது. தென்பாதிக் கோளத்திலிருந்து பால்வீதியின் மையப் பகுதி தலைக்கு மேல் வருவதால், அந்தக் குழு பால்வீதித் தளத்தை ஒழுங்காக வருடிப் பார்த்தது. 2005-இல் ஒரே கட்டுரையில் எட்டுப் புதிய மூலங்களை அறிவித்தது. 2018-இல் வெளியான அதன் முழுத் தொகுப்பில் 78 மூலங்கள் உள்ளன. அவற்றில் 31 மட்டுமே இன்னது என்று உறுதியாக அடையாளம் காணப்பட்டவை. டெவ்கேட்டில் அடையாளம் தெரியாதவை என்ற வகை இவ்வளவு நீளமாக இருப்பதைக் குறையாகக் கருதுபவர்கள் உண்டு. எனக்கு அது பட்டியலின் நேர்மையாகவே படுகிறது. வலுவாகக் கதிர் உமிழும் ஓர் இடத்தில் வேறு எந்த அலைநீளத்திலும் தெளிவான துணை கிடைக்கவில்லை என்றால், அதை அப்படியே பதிவு செய்வதுதான் முறை.

சிக்கல் எழுவது பெயர் சூட்டப்பட்ட வகைகளில்தான். எடுத்துக்காட்டாக, சூப்பர்நோவா எச்ச ஓடு, அதாவது வெடித்த விண்மீன் விட்டுச்சென்ற விரியும் ஓடு, என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் ஆர்எக்ஸ் ஜே1713.7-3946 என்ற மூலம் முன்னணியில் வரும். 2004-இல் ஹெஸ் குழு அதன் ஓட்டு வடிவத்தைத் தெளிவாகப் படமெடுத்து வெளியிட்டது. இந்த ஆற்றலில் ஒரு விண்பொருளின் உருவம் இப்படிப் பகுத்துக் காணப்பட்டது அதுவே முதல் முறை. வெடித்த விண்மீனின் அதிர்வலையில் துகள்கள் பல டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் முடுக்கப்படுகின்றன என்பதற்கு அது நேரடிச் சான்று. அந்தத் துகள்கள் புரோட்டான்களா, எலக்ட்ரான்களா என்பதைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. மறுபுறம், ஐசி 443, டபிள்யூ44 ஆகிய பழைய எச்சங்களில் பையான் சிதைவுக்கே உரிய ஆற்றல் வடிவத்தை ஃபெர்மி செயற்கைக்கோள் 2013-இல் கண்டது. புரோட்டான் அங்கே இருப்பது உறுதி, ஆனால் அவற்றின் ஆற்றல் நாம் தேடும் பீட்டா அளவை நெருங்குவதில்லை. சுமார் 350 ஆண்டுகளே ஆன இளம் எச்சமான காசியோப்பியா ஏ-யை, ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் ஆழமாக நோக்கி 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, அதன் காமாக் கதிர் நிறமாலை சுமார் 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே சரியத் தொடங்குகிறது. அண்டக்கதிர்களை எல்லாம் சூப்பர்நோவா எச்சங்களே உண்டாக்குகின்றன என்று பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வந்த கருத்துக்கு இது கடுமையான அடி. டெவ்கேட்டின் வகைப் பத்தி இந்த வேறுபாடுகளை எல்லாம் ஒரே சொல்லில் மறைத்துவிடுகிறது. வகை என்பது கதிர் வரும் இடத்தின் பெயர் மட்டுமே. கதிரை உண்டாக்கும் துகளின் பெயரன்று.

இந்தக் குறையை ஈடுசெய்வது ஒவ்வொரு மூலத்துக்கும் தனியாக உள்ள பக்கம். வானத்தில் அமைந்துள்ள இடம், தொலைவு, நிறமாலைச் சரிவு, பரப்பு ஆகியவற்றுக்குக் கீழே தொகுப்பாளர்களின் குறிப்புகளும், மூலக் கட்டுரைகளின் பட்டியலும் இடம்பெறுகின்றன. ஒரே பொருளுக்குப் பல ஆய்வகங்கள் சூட்டிய பல பெயர்களை ஓரிடத்தில் சேர்த்திருப்பது பெரும் உதவி; இந்தத் துறையின் பெயர்க் குழப்பத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்தக் குழப்பத்தின் உச்சத்தைக் காண விரும்புபவர்கள் சிக்னஸ் விண்மீன் குழுவின் திசைக்குப் போக வேண்டும். நான் அதிக நேரம் செலவிட்டதும் அங்கேதான். லா பால்மா தீவில் இருந்த ஹெக்ரா தொலைநோக்கிகள் 2002-இல் டெவ் ஜே2032+4130 என்ற மூலத்தை அறிவித்தன. அடையாளம் தெரியாத முதல் டெரா எலக்ட்ரான் வோல்ட் மூலம் அது. பின்னர் மிலாக்ரோ, ஆர்கோ, ஹாக், லாசோ எனப் பரந்த வானத்தை நோக்கும் ஆய்வகங்கள் ஒவ்வொன்றும் அதே திசையில் வெவ்வேறு பெயரிலும் வெவ்வேறு பரப்பிலும் மூலங்களைப் பதிவு செய்தன. அங்கேயே ஒரு பல்சாரும், அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனும், இருக்கிறது. அது ஒரு பெருவிண்மீனை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இரட்டை என்பது பின்னாளில் தெரிந்தது; 2017 நவம்பரில் இரண்டும் மிக நெருங்கியபோது அரிசோனாவின் வெரிடாஸ் தொலைநோக்கிகளும் மேஜிக்கும் அதிலிருந்து எழுந்த காமாக் கதிரைப் பிடித்தன. இவை அனைத்துக்கும் பின்புலமாக, சிக்னஸ் ஓபி2 என்னும் இளம் விண்மீன் கூட்டத்தைச் சூழ்ந்து பெரியதொரு குமிழி விரிந்திருக்கிறது. ஃபெர்மி 2011-இல் அதைக் குறைந்த ஆற்றலில் கண்டது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 4,410 மீட்டர் உயரத்தில் அமைந்த லாசோ ஆய்வகம், அந்தக் குமிழியிலிருந்து 2.5 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் வரை ஒளித்துகள்கள் வருவதை 2024-இல் வெளியிட்டது. அவ்வளவு ஆற்றலுள்ள ஒளித்துகள்களைப் பிறப்பிக்கப் பத்து பீட்டா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய புரோட்டான்கள் தேவை. அண்டக்கதிர் நிறமாலையில் சில பீட்டா எலக்ட்ரான் வோல்ட்டில் "முழங்கால்" என்று அழைக்கப்படும் வளைவு வருகிறது. பால்வீதியின் முடுக்கிகள் அங்கே தளர்கின்றன என்று கருதப்பட்டு வந்தது. பெருவிண்மீன்களின் கூட்டுக் காற்று அதற்கும் அப்பால் துகள்களை உந்தக்கூடும் என்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையின் அண்மைக்கால முடிவுகளில் மிகவும் கனமானது.

இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருக்கும் மூலங்களை ஒரு வரிசைக்கு ஒரு பொருள் என்ற அட்டவணை எப்படிக் காட்ட முடியும்? டெவ்கேட்டால் முடியவில்லை; வேறு எந்தப் பட்டியலாலும் முடியாது என்றே நினைக்கிறேன். தொலைநோக்கி ஒரு பாகையின் சிறு பின்னத்தில் காணும் புள்ளியும், லாசோ பல பாகைகளுக்கு மேல் காணும் குமிழியும் அட்டவணையில் சம உரிமையோடு அடுத்தடுத்து நிற்கின்றன. லாசோவின் முதல் தொகுப்பில் 90 மூலங்கள். அவற்றில் 43 மூலங்கள் 100 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலும் ஒளிர்பவை, 32 முன்பு அறியப்படாதவை. இத்தனை மூலங்கள் ஒரே வீச்சில் வந்து சேரும்போது, பழைய எந்த மூலத்தோடு புதிய எதை இணைப்பது என்பதே தனி ஆய்வாகிவிடுகிறது. டெவ்கேட்டைப் பயன்படுத்துவோர் ஒரு வரிசையை ஒரு பொருளாக அல்ல, ஒரு அறிவிப்பாகக் கொள்வதே பாதுகாப்பானது.

ஒளிர்வளவைக் குறிக்கும் பத்தியிலும் கவனம் தேவை. நண்டு நெபுலாவின் ஒளிர்வை ஒன்று எனக் கொண்டு அதன் பின்னமாகவே மற்றவை தரப்பட்டிருக்கின்றன. விரைவான ஒப்பீட்டுக்கு இது வசதியானது. ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் தொடக்க ஆற்றல் வேறு. ஒன்று 200 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், மற்றொன்று ஒரு டெராவுக்கு மேல் என்றிருக்கும்போது இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. பிளேசார்களுக்கு இந்த எண் இன்னும் குறைவான பொருளே தரும். பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசார் 2006 ஜூலையில் நண்டு நெபுலாவைப் பல மடங்கு விஞ்சி, சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கியதை ஹெஸ் பதிவு செய்தது. அதே பொருள் அமைதியான காலத்தில் நண்டு நெபுலாவை விட மங்கலானது. அட்டவணையில் ஒற்றை எண்ணைப் பார்த்து இந்தக் கொந்தளிப்பை யாரும் ஊகிக்க முடியாது. எனவே இதிலிருந்து ஒளிர்வளவுகளைத் திரட்டிப் புள்ளியியல் செய்ய முனைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த இடம் எவ்வளவு நேரம் நோக்கப்பட்டது என்பதும் ஒரே சீராக இல்லை; ஒரு வகைப் பொருள் மிகுதியாகக் காணப்படுவது, வானத்தில் அது மிகுதியாக இருப்பதால் மட்டுமல்ல, அதை நோக்கித் தொலைநோக்கிகள் மிகுதியாகத் திருப்பப்பட்டதாலும் இருக்கலாம். அத்தகைய வேலைக்கு ஹெஸ், லாசோ, ஹாக் ஆகியவற்றின் சொந்தத் தொகுப்புகளே ஏற்றவை. அவற்றில் உணர்திறன் வரைபடங்களும் சேர்ந்து கிடைக்கின்றன.

புதிய வகைகளைத் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்வது இந்தச் சேவையின் உயிர்ப்புக்கு அடையாளம். 2019-இல் மேஜிக் தொலைநோக்கிகள் ஒரு காமாக் கதிர் வெடிப்பின் ஒளியைத் தரையிலிருந்து பிடித்ததும் வெடிப்புகளுக்கு ஒரு வகை பிறந்தது. 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஒபியுக்கி என்ற விண்மீன் நோவாவாக வெடித்தபோது ஹெஸ்ஸும் மேஜிக்கும் அதைக் கண்டன. இந்த ஆற்றலில் காணப்பட்ட முதல் நோவா அது, புரோட்டான்கள் முடுக்கப்படுவதை நாள்தோறும் வளரும் நிகழ்வாகக் காட்டியதும் அதுவே. பல்சாரைச் சுற்றிய ஒளிவட்டம், விண்மீன் கொத்து, நுண்குவேசார் (துணை விண்மீனிலிருந்து பொருளை ஈர்த்துத் தாரைகளை உமிழும் கருந்துளை இரட்டை) என்று ஒவ்வொரு வகையும் எந்த ஆண்டில் நுழைந்தது என்று பார்ப்பது, அண்டக்கதிர் முடுக்கிகளைப் பற்றிய எண்ணம் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதை அறிய நல்ல வழி. எஸ்எஸ் 433, வி4641 சாஜிட்டேரி போன்ற நுண்குவேசார்கள் 2024-க்குப் பிறகு பீட்டா அளவு முடுக்கிகளுக்கான வலுவான வேட்பாளர்களாக எழுந்திருப்பது இந்த வரிசையின் அண்மைத் திருப்பம்.

இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பக்கத்தையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். மூலங்களைத் தேடுவது ஒரு வழி என்றால், வந்து சேரும் அண்டக்கதிர்களையே நுணுக்கமாக அளப்பது மற்றொரு வழி. உதகையில் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3, சுமார் 400 துகள் உணர்கருவிகளையும் 560 சதுர மீட்டர் மியூயான் (எலக்ட்ரானை ஒத்த, ஆனால் கனமான துகள்) உணர்கருவியையும் கொண்டு அதைச் செய்கிறது. புரோட்டான்களின் நிறமாலை சுமார் 166 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் சரிவு குறைந்து நிமிர்வதாக 2024-இல் அந்தக் குழு அறிவித்தது. முழங்கால் வரை ஒரே சீரான கோடு என்ற எளிய சித்திரத்துக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வகை முடுக்கிகள் கலந்திருக்கின்றன என்ற எண்ணத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. டெவ்கேட்டில் மூலங்களைப் படிப்பவர்கள் இத்தகைய அளவீடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. லடாக்கின் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் செரன்கோவ் தொலைநோக்கியின் பெயரைக் கண்டுபிடித்தவர் பத்தியில் காண வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டு.

கல்லூரி மாணவர்களுக்கும், இத்துறையை வெளியிலிருந்து பின்தொடர்பவர்களுக்கும் என் பரிந்துரை இதுதான்: முதலில் அட்டவணையைக் காலத்தின்படி அடுக்குங்கள், இயல்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மனத்தைக் கவரும் ஒரு மூலத்தின் பக்கத்தைத் திறந்து குறிப்புகளை முழுவதும் படியுங்கள், அங்கிருந்து மூலக் கட்டுரைகளுக்குச் செல்லுங்கள், அவற்றில் பெரும்பாலானவை திறந்த முன்பதிப்புகளாகக் கிடைக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் ஓர் எண்ணை மேற்கோள் காட்டுவதென்றால் பட்டியலை அல்ல, அந்த எண் பிறந்த கட்டுரையைக் காட்டுங்கள்; பட்டியலுக்கு நன்றியைத் தனியே தெரிவியுங்கள். லா பால்மாவிலும் சிலியின் பரனாலிலும் எழுந்துவரும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை தன் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிடத் திட்டமிட்டிருக்கிறது. அது முழு வீச்சில் இயங்கும்போது மூலங்கள் ஆயிரத்தை நெருங்கக்கூடும். அதற்குள், கவிந்து கிடக்கும் மூலங்களுக்கிடையே உள்ள உறவைத் தனிப் பத்தியாகவே காட்டும் ஏற்பாட்டைத் தொகுப்பாளர்கள் செய்வார்களானால், சிக்னஸ் பகுதியை முதன்முறை பார்க்கும் ஒரு மாணவர் பல பெயர்களுக்கிடையே வழி தவறாமல் அந்தக் குமிழியைச் சென்றடைவார்.